வேலூரிலிருந்து ஒரு நாள் கடல் ஃப்ளை ஃபிஷிங்: ஒரே படகில் இரண்டு பேர் வீசலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நீங்கள் வேலூர், சத்துவாச்சாரி. உங்களுக்கும் நண்பருக்கும் ஏரியில் விரால் பிடித்த பழக்கம் உண்டு. நண்பர் வெளிநாட்டிலிருந்து வரும்போது டிரவுட் மீனுக்கான 5ஆம் எண் ஃப்ளை ராடு ஒன்று கொண்டுவந்திருக்கிறார். ஒரு நாள் படகு பேசி இருவரும் கடலில் ஃப்ளை, அதாவது முடியும் இறகும் கட்டிய முள், போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ராடு போதுமா, எந்த ஊருக்குப் போவது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீசலாம்தானே?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. ராடு மாற்றிக்கொள்ளலாம், ஊர் மாற்றிக்கொள்ளலாம். படகில் இரண்டு பேர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த நாள் உருப்படுமா, ஆஸ்பத்திரியில் முடியுமா என்பது தெரியும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராணிப்பேட்டைக்காரன். வேலைக்காக ஓமானில் இருந்த வருடங்களில் கடல் ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு புதுச்சேரி, கோவளம், பழவேற்காடு பக்கம் முடிந்தபோதெல்லாம் போகிறேன். ஓமானில் தெளிந்த ஆழமற்ற நீர், மீனைக் கண்ணால் பார்த்து வீசலாம். நம் வங்கக் கடலோரம் பெரும்பாலும் கலங்கல். ஆகவே ராடு, லைன், படகு ஒழுங்கு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மீன் எங்கே, எப்போது என்பது பற்றிச் சொல்வதை ஒரு வெளியூர்க்காரனின் அபிப்பிராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்தந்தக் குப்பத்து அண்ணன்மார்தான் வாத்தியார்.

ஒரே நேரத்தில் இருவரும் வீசலாமா? கூடாது. காரணம் எளிது. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையோ எடை கொடுக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளையில் எடை லைனிலேயே இருக்கிறது. முடியும் இறகும் கட்டிய முள்ளுக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதனால் லைனை முதலில் முதுகுக்குப் பின்னால் வீசி, அது காற்றில் முழுசாக நீண்ட பிறகு முன்னால் தள்ள வேண்டும். முன்னால் 15 மீட்டர் வீச, பின்னாலும் கிட்டத்தட்ட அவ்வளவு லைன் பறக்கும், நுனியில் கூரான முள்ளோடு. நம் ஊர் ஃபைபர் படகின் நீளமே ஏறக்குறைய 9 மீட்டர்தான். ஒருவர் அணியத்திலும் (படகின் முன்முனை) ஒருவர் பின்பக்கத்திலும் நின்று ஆளுக்கொரு பக்கம் வீசினால், இரண்டு லைனும் நடுவில் உட்கார்ந்திருக்கும் படகுக்காரரின் தலைக்கு மேலேயே சந்தித்துக்கொள்ளும். கைதேர்ந்த இருவர், அகலமான தட்டையான படகில், ஒருவர் வீச்சை ஒருவர் பார்த்து மாறி மாறி வீசுவது உண்டு. முதல் முறை போகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படகில் இருவர் போனாலும் ராடு ஒன்றுதான். அப்படியென்றால் மற்றவர் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா என்றால் அதுவும் இல்லை. வீசுகிறவரைவிட அவருக்குத்தான் வேலை அதிகம். முதலாவது, அவர்தான் கண். வீசுகிறவரின் பார்வை லைனிலேயே இருக்கும். தண்ணீர் மேல் நடுக்கம், நெத்திலிக் கூட்டம் துள்ளுவது, ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுவது, இதையெல்லாம் மற்றவர்தான் பார்க்க வேண்டும். பார்த்ததும் "அதோ, அதோ" என்று கத்துவதால் பயனில்லை. அணியத்தின் முனையைக் கடிகாரத்தில் 12 என்று வைத்துக்கொண்டு, முதலில் திசை, பிறகு தூரம், பிறகு மீன் எந்தப் பக்கம் போகிறது என்று அதே வரிசையில் சொல்ல வேண்டும். "ரெண்டு மணி, ஒன்றரைப் படகு நீளம், இடது பக்கம் போகுது." தூரத்தை மீட்டரில் சொன்னால் அவசரத்தில் யாருக்கும் கணக்கு வராது. படகு நீளம் இருவர் கண்ணுக்கும் தெரிந்த அளவு. திசையை முதலில் சொல்வதற்குக் காரணம், வீசுகிறவர் உடம்பைத் திருப்பிக்கொண்டே மீதியைக் கேட்கலாம்.

இரண்டாவது, லைன் அவர் பொறுப்பு. இழுத்த லைன் எல்லாம் படகுக்குள் காலடியில்தான் விழும். ஃபைபர் படகு என்பது வலை, கயிறு, ஐஸ் பெட்டி, டீசல் கேன், நங்கூரம் எல்லாம் கிடக்கும் இடம். அத்தனையும் லைனைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காத்திருக்கும். கிளம்புவதற்கு முன்பே ஒரு பழைய பெட்ஷீட்டை நனைத்து அணியத்துப் பக்கம் விரித்துவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், வெறும் காலில் நின்றால் லைனை மிதித்தது உடனே தெரியும். அகலமான பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றில் லைனை விழவைப்பது இன்னும் நல்லது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்பு லைன் சிக்கலில்லாமல் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது உட்கார்ந்திருப்பவர் வேலை.

மூன்றாவது, அவர் தன்னையும் படகுக்காரரையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வீச்சு நடக்கும்போது எழுந்து நிற்கக் கூடாது. மூவரும் தொப்பியும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும், படகுக்காரர் உட்பட. அவருக்கு ஒரு கண்ணாடி நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். முள்ளின் தாடியை, அதாவது கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்க்கூரை, இடுக்கியால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். தோலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும். கரைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் இது பெரிய விஷயம். வேலூரில் இருந்து பழகிய நமக்குக் கூப்பிடு தூரத்தில் சிஎம்சி இருக்கிறது என்ற தைரியம் எப்போதும் உண்டு. கடலில் அது கிடையாது.

முறை மாற்றுவது எப்படி? ஒரு மீன் பிடித்தால் மாற்றலாம் என்று சிலர் வைப்பார்கள். நம் கரையில் முதல் மீனுக்கே மத்தியானம் ஆகலாம் என்பதால், நான் கடிகாரத்தைத்தான் நம்புவேன். 20 நிமிடம் ஒருவர், 20 நிமிடம் மற்றவர். மீன் மாட்டியிருந்தால் அது வரும்வரை நேரம் நிற்கும். இதைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல நண்பர்கள்கூட "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்பதில்தான் முகம் சுளித்துக்கொள்வார்கள்.

அடுத்தது ராடு. 5ஆம் எண் கடலுக்குப் போதாது. ஃப்ளை லைனின் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கும் அளவு. 5ஆம் எண் லைனில் அந்த 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம் சொச்சம். 8ஆம் எண்ணில் 210 கிரெயின், 13.6 கிராம். கடல் காற்றில், விரல் நீளத்துக்குக் குறையாத ஃப்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த வித்தியாசம் தேவை. மீனை இழுக்கவும் தேவை. மெல்லிய ராடில் ஒரு பாறை மீனை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால், கடைசியில் விட்டாலும் அது பிழைக்காது. 9 அடி நீளத்தில் 8 அல்லது 9ஆம் எண் ராடு, நல்ல பிரேக் உள்ள, உப்பு தாங்கும் ரீல், அதில் ஃப்ளை லைனுக்குப் பின்னால் 150 மீட்டருக்குக் குறையாத பேக்கிங் நூல். இரண்டு செட் வாங்க வேண்டாம். வீசுவது ஒருவர் என்று மேலே சொல்லிவிட்டேனே. மிச்சப் பணத்தில் இரண்டாவது லைன் ஒன்று வாங்குங்கள்; முதல் லைன் புரொப்பெல்லரில் மாட்டினால் அன்றைய நாளே போய்விடும்.

லைன் விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நண்பர் கொண்டுவந்த லைன் குளிர்நாட்டு லைனாக இருந்தால், எண் சரியாக இருந்தாலும் இங்கே உதவாது. அதன் பூச்சு நம் வெயிலில் இளகித் துவண்டுவிடும், ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது. வெப்பநாட்டுக் கடலுக்கென்றே விறைப்பான உள்நூலும் கெட்டியான பூச்சும் உள்ள மிதக்கும் லைன் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பான லீடர் 9 அடி, 20 பவுண்டு தாங்குவது. நுனியில் ஒன்றரை அடிக்கு 40 பவுண்டு தங்கூசி நரம்பு சேருங்கள். கொடுவாயின் வாய் அரம் போல இருக்கும், 20 பவுண்டு நரம்பைத் தேய்த்தே அறுத்துவிடும். சீலாவோ வஞ்சிரமோ இருக்கும் இடமென்றால் அரை அடி மெல்லிய கம்பி தேவை.

ஃப்ளை இரண்டு வகை போதும், கூடை நிறைய வேண்டாம். லெஃப்டி க்ரே 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய டிசீவர் ஒன்று. நீண்ட இறகு வால் உள்ள மீன் குஞ்சு உருவம். அமெரிக்கத் தபால் துறை 1991இல் இதற்கு அஞ்சல் தலையே வெளியிட்டது. இன்னொன்று பாப் க்ளவுசர் 1987இல் கட்டிய க்ளவுசர் மின்னோ. அதற்குக் கனமான உலோகக் கண் உண்டு, நிறுத்தி நிறுத்தி இழுத்தால் தலை குப்புற மூழ்கி எழும்பும், முள் மேல்நோக்கி இருப்பதால் தரையில் சிக்காது. மீன் பிடிப்பதில் க்ளவுசர்தான் ஒரு படி மேல் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த உலோகக் கண் சரியாக விரியாத வீச்சில் உங்கள் பின்மண்டையில் வந்து இடிக்கும், ராடில் பட்டால் ராடு விரிசல் விடும். அதனால் முதல் நாள் காலை டிசீவரோடு ஆரம்பியுங்கள்.

இப்போது வீச்சுப் பயிற்சி. இதைக் கடலுக்குப் போய்ச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், வேலூரிலேயே முடித்துவிட வேண்டும். பாலாறு வறண்டு கிடக்கிறதே, அங்கே போகலாமே என்று தோன்றும். மணல் லைனின் பூச்சை அரித்துவிடும், புல் உள்ள மைதானமே நல்லது. முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். ஒரு தட்டை 12 மீட்டரில், இன்னொன்றை 15 மீட்டரில் வையுங்கள். தூரமாக வீசுவது இலக்கு இல்லை. முன்னும் பின்னும் இரண்டு முறைக்கு மேல் ஆட்டாமல் தட்டின் பக்கத்தில் நூலை இறக்க வேண்டும். கடலில் மீன் கூட்டம் மேலே தெரிவது சில நொடிகள்தான். ஏழெட்டு முறை காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். இடது கையால் லைனை ஒரு சொடுக்கு இழுத்து வேகம் சேர்ப்பதை, முன்வீச்சிலும் பின்வீச்சிலும் செய்வதை, டபுள் ஹால் என்பார்கள். அது கைக்கு வராமல் கடல் காற்றில் வீச முடியாது. வேலைக்குப் போகும் முன் தினமும் அரை மணி நேரம் என்றால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

மைதானத்தில் எல்லோரும் காற்றுக்கு முதுகைக் காட்டியே பழகுவார்கள், அது சுகமாக இருக்கும். நீங்கள் நான்கு பக்கமும் திரும்பிப் பழகுங்கள். வலது கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து வரும் காற்றுதான் ஆபத்து, முள்ளை உடம்பு மேலேயே தள்ளும். அப்போது ராடை இடது தோளுக்கு மேல் சாய்த்து வீச வேண்டும். இல்லாவிட்டால் மீனுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சிலேயே ஃப்ளையைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தே வீசிப் பாருங்கள். ஃபைபர் படகின் அணியத்தில் நிற்க வசதி குறைவு, அலை கொஞ்சம் எழும்பினால் உட்கார்ந்து வீசுவதுதான் புத்தி.

எந்த ஊர்? வேலூருக்குக் கடலோடு இருக்கும் சொந்தம் பாலாறுதான். அது கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. அங்கேயே போகலாமே என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. முகத்துவாரம் பெரும்பாலான மாதங்கள் மணல் அடைத்துக் கிடக்கும், பக்கத்திலேயே அணுமின் நிலையம் இருப்பதால் படகுக்குக் கட்டுப்பாடும் அதிகம். விட்டுவிடுங்கள். கோவளம் நமக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே படகைக் கடற்கரை மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ள வேண்டும். நம் கரையில் கடலுக்குள் இருக்கும் நேரத்தைவிட, உடையும் அலையைத் தாண்டும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் கடினம். ராடைக் கழற்றிக் குழாய்க்குள் வைத்துக் கட்டிவிட்டு, படகின் நடுவில் தாழ உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். போனையும் சாவியையும் தண்ணீர் புகாத பையில் போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போதும் இதே கதைதான், கூடுதலாக அலை பின்னாலிருந்து வரும்.

பழவேற்காடு கொஞ்சம் கூடுதல் தூரம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பு நீர் ஏரி. கொடுவாய், மடவை, பாறை எல்லாம் வந்து போகிற இடம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே பாடு என்ற பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். காலியாகத் தெரியும் தண்ணீர் யாரோ ஒருவரின் அன்றைய பங்கு. இன்னொன்று, 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றுவதில் கெடுபிடி இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். பறவைகள் சரணாலயப் பகுதியும் உண்டு. அனுமதி கேட்காமல் போகும் இடம் இல்லை.

முதல் நாளுக்கு என்னுடைய ஓட்டு புதுச்சேரிக்கு. ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாக அதுவும் ஏறக்குறைய அதே 150தான். தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் இருப்பதால் அலையில் தள்ளாமல் அமைதியான நீரில் ஏறி வெளியே போகலாம். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள். நள்ளிரவில் வேலூரில் கிளம்பி, தூங்காமல் வண்டி ஓட்டி, விடியற்காலை படகேறினால் வாந்தி நிச்சயம். கடல் மயக்கம் வருமா வராதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் வேலை செய்யாது. காலையில் இரண்டு இட்லி போதும். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர்.

காலம் என்று பார்த்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல், வாடைக் காற்று. அப்போது பேச்சே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள், கடல் அடங்கியிருக்கும், மழையின் கலங்கலும் தெளிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இது விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான், சிறு நாட்டுப் படகுகளுக்கு இல்லை. இருந்தாலும் அந்த மாதங்களில் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நேரம் காலைதான். விடியும்போது கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். வெயில் ஏற ஏற அது நின்று, மத்தியானவாக்கில் கடல் காற்று திரும்பி பலமாக அடிக்கும். அதற்குப் பிறகு ஃப்ளை வீசுவது கைவலிக்குத்தான். ஐந்தரைக்குத் தண்ணீரில் இருந்தால் பதினொன்றரைக்கு முடித்துக்கொள்ளலாம். நம் பக்கம் ஏற்றம் வற்றம் ஒரு மீட்டர் சுற்றித்தான் என்பதால் திறந்த கடலில் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். முகத்துவாரங்களில் மட்டும் பார்க்க வேண்டும். வற்றத்தில் உள்ளிருந்து தண்ணீர் வெளியே ஓடும்போது குஞ்சு மீன்கள் அதோடு வரும், கொடுவாய் வாசலில் நிற்கும். கடல் நிலவரத்துக்கு ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பை முந்தின நாள் பாருங்கள்.

படகுக்காரரிடம் பேசுவது தனிக் கலை. அவர் ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்து வஞ்சிரம் பிடித்தவராக இருப்பார். எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றில் மிதந்தபடி, இறகை வீசப் போகிறோம் என்றால் சிரிப்பார். சிரிக்கட்டும். முந்தின நாள் மாலையே கரையில் நாலு வீச்சு வீசிக் காட்டுங்கள். பின்னால் எவ்வளவு லைன் போகிறது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால், தலையைக் குனிய யாரும் சொல்லித்தர வேண்டாம். கூலியை நாள் கணக்கில் பேசுங்கள், டீசல் தனியா சேர்த்தா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்காக அன்றைய மீன்பாட்டை அவர் விடுகிறார் என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள். லைன் தண்ணீரில் இருக்கும்போது கேட்காமல் எஞ்சினைத் தட்டக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். பறவைகள் விழும் இடத்தைக் கண்டால் அவர் பழக்கத்தில் நேராக நடுவில் ஓட்டுவார், கூட்டம் மூழ்கிவிடும். காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், தள்ளியே எஞ்சினை நிறுத்தி, படகு தானாக ஓரத்துக்கு மிதந்து வரவேண்டும்.

ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். அருகில் உள்ள கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. தமிழ்நாட்டில் அவர்கள் எண் 1093, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554. உயிர்காப்பு மேலங்கியைப் படகுக்காரர் தருவார் என்று நம்பாமல் வேலூரிலிருந்தே கொண்டுபோங்கள். தோளையும் கையையும் இறுக்காத மாடலாக எடுங்கள், இல்லாவிட்டால் வீச முடியவில்லை என்று கழற்றிவைத்துவிடுவீர்கள்.

மீன் ஃப்ளையை எடுத்தால்? விரால் பிடித்த கைக்கு இங்கேதான் சோதனை. ராடை மேலே வெட்டி இழுக்கும் பழக்கம் கடல் ஃப்ளையில் மீனைத் தவறவிடும். ராடின் நுனி மீனை நோக்கித் தாழ்ந்தே இருக்க, இடது கையால் லைனை நீளமாக ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். முள் ஏறாவிட்டாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், மீன் திரும்ப வந்து அடிக்கும். மேலே வெட்டினால் ஃப்ளை தண்ணீரை விட்டே பறந்துவிடும். முள் ஏறியதும் மீனைப் பார்க்காதீர்கள், காலடி லைனைப் பாருங்கள். அது கடைசிச் சுற்றுவரை சிக்கலில்லாமல் ரீலுக்குப் போக வேண்டும். கொடுவாய் துள்ளினால் ராடைத் தாழ்த்தி லைனைத் தளர்த்துங்கள். பாறை படகுக்கு அடியில் ஓடினால் ராடு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அணியத்தைச் சுற்றி வாருங்கள். மற்றவர் வழி விட வேண்டும்.

கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி வெட்டும், விரலை அங்கே விடாதீர்கள். கெளுத்தியின் முள் விஷ முள், தூண்டில் முள்ளை எடுக்க இடுக்கி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். பேத்தை மாட்டினால் லீடரையே கடித்துத் துண்டாக்கும், சாப்பிடவும் கூடாது. சாப்பிட ஒரு மீன் எடுத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை, எடுப்பேன். பெரிய கொடுவாயை மட்டும் விட்டுவிடுவேன். அந்த இனம் ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். அதனால் பெரியது என்றாலே பெரும்பாலும் முட்டை போடும் பெண்.

இதுவரை சொன்னதில் ஒரே நேரத்தில் ஒரு வீச்சு, லைன், இழுப்பு, பாதுகாப்பு எல்லாம் எந்தக் கடலிலும் மாறாதவை. மீதி அபிப்பிராயம். கலங்கல் நீரில் கறுப்பு ஃப்ளையா, பளிச்சென்ற மஞ்சளா என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். நான் கறுப்பைப் போடுவேன், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிச்சத்தை மறைக்கும் உருவம் தெளிவாகத் தெரியும் என்பது என் கணக்கு. அமாவாசை, பௌர்ணமி பற்றிப் படகுக்காரர் சொல்வதை எதிர்த்துப் பேச மாட்டேன். மீன் கிடைக்குமா என்றால், பக்கத்தில் உயிர் இறால் கோத்துப் போடுகிறவர் உங்களைவிட அதிகம் பிடிப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஃப்ளையில் முதல் நாள் ஒன்றுமே இல்லாமல் திரும்புவது சகஜம். அதற்கு மனசு தயாராக இல்லையென்றால் இறாலும் சாதாரணத் தூண்டிலும் எடுத்துக்கொண்டு போங்கள், அதுவும் நல்ல நாளாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் ராடு, ரீல், லைன் எல்லாவற்றையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஒரே இரவில் வேலையைக் காட்டும். நண்பரின் 5ஆம் எண் ராடை விற்க வேண்டாம். அதே எண்ணில் வெப்பநாட்டு லைன் ஒன்று மாட்டி, காவேரிப்பாக்கம் ஏரிக் கரையில் ஜிலேபி மீனுக்குச் சின்ன ஃப்ளை போட்டுப் பாருங்கள், அதற்கு அளவெடுத்துச் செய்த ராடு அது. மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பின்னால் மாடு மேய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.